யாழில் அடங்காத பாட்டு

தருமபுரத்தில் நடந்ததைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார். திருஞானசம்பந்தர் பதிகம் பாட, திருநீலகண்ட யாழ்ப்பாணர் அதை யாழில் இட்டு வாசிப்பார். ஊர் ஊராக இருவரும் அப்படித்தான் போனார்கள். தருமபுரம் யாழ்ப்பாணருடைய தாய் பிறந்த ஊர். அங்கிருந்த சுற்றத்தார், இவர் யாழில் வாசிப்பதால்தான் பதிகத்தின் இசை உலகமெல்லாம் பரவுகிறது என்று பெருமை பேசிவிட்டார்கள். யாழ்ப்பாணர் மனம் நடுங்கிப்போனார். யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடியருள வேண்டும் என்று சம்பந்தரிடம் போய் நின்றார். சம்பந்தர் பாடினார். யாழ்ப்பாணர் நரம்பில் கை வைத்தார். பாட்டு கைக்குள் வரவில்லை. யாழை உடைக்க ஓங்கியவரைச் சம்பந்தர்தான் தடுத்தார். கருவிக்குள் எவ்வளவு வருமோ அவ்வளவை வாசியுங்கள் என்று யாழைத் திரும்பக் கொடுத்தார். அந்தப் பதிகத்துக்கு யாழ்மூரி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இதை எழுதிய சேக்கிழார் பிறந்த ஊர் குன்றத்தூர்.

பல்லாவரத்துக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில், குன்றின் மேலே முருகன் கோயிலும் பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியுமாக இருக்கும் இந்த ஊர் 2021-இல் நகராட்சி ஆனது. வயல் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. அந்த வீடுகளில் ஒன்றின் கூடத்தில், இடுப்புயரத்துக்கு நிற்கும் இரண்டு ஜோடி டவர் ஸ்பீக்கர்களை வைத்து, ஒரே பாட்டை மாற்றி மாற்றிப் போட்டு, எது நல்லது என்று ஒருவர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார் என்றால், அவர் கேட்கும் கேள்வி யாழ்ப்பாணர் கேட்ட அதே கேள்விதான். பாடியவரின் குரல் இந்தக் கருவிக்குள் எவ்வளவு அடங்குகிறது?

குன்றத்தூரிலிருந்து போரூர் போகும் சாலையில் கோவூர் வரும். தியாகராஜ சுவாமிகள் (1767–1847) சென்னைப் பக்கம் வந்தபோது, சுந்தரேச முதலியாரின் அழைப்பில் இந்த ஊருக்கும் வந்தார். இங்குள்ள சுந்தரேஸ்வரர் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடினார். பந்துவராளி, சஹானா, கரகரப்பிரியா, கல்யாணி, சங்கராபரணம் என்று ஐந்து ராகத்தில் அமைந்தவை. கோவூர் பஞ்சரத்தினம் என்று இன்றும் கச்சேரிகளில் கேட்கலாம். அவர் குரல் எப்படி இருந்தது என்று சொல்ல ஓர் இசைத்தட்டும் கிடையாது. பாட்டு ஒரு தொண்டையிலிருந்து இன்னொரு தொண்டைக்குப் போய்த்தான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. குரலையே பிடித்து வைக்கும் எடிசனின் ஃபோனோகிராஃப் 1877-இல்தான் வந்தது.

குரல் காற்றிலேறிச் சென்னைக்கு வந்தது 1924-இல். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி அந்த ஆண்டு தொடங்கிய மதராஸ் மாகாண ரேடியோ கிளப், ஒரு சிறிய ஒலிபரப்பிக் கருவியை வைத்துக்கொண்டு பாட்டும் பேச்சும் ஒலிபரப்பியது. பணமில்லாமல் 1927-இல் கிளப் நின்றுபோனது. கருவி மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1930-இல் ரிப்பன் கட்டடத்திலிருந்து மாநகராட்சி தானே ஒலிபரப்பத் தொடங்கியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வரும்வரை அதுதான் நகரத்தின் வானொலி. வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். அதனால் கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கி கட்டிவிட்டார்கள். மாலையில் மெரினாவில் காற்று வாங்க வந்தவர்கள் மணலில் உட்கார்ந்து கச்சேரி கேட்டார்கள். இங்கே ஒலிபெருக்கியின் வாழ்க்கை வீட்டில் தொடங்கவில்லை. ஊர் கூடும் இடத்தில் தொடங்கியது.

அந்தத் தொடக்கம் ஒரு அளவுகோலையும் கூடவே கொண்டுவந்தது. ஊர்நடுவில் கட்டும் ஒலிபெருக்கிக்கு எது பெருமை? எத்தனை தூரம் கேட்கிறது என்பதே பெருமை.

மைக் செட்டுக்காரர்கள் தென்னை மரத்திலும் கோபுரத்திலும் கட்டிய குழாய், அந்த வேலைக்கென்றே பிறந்த கருவி. அதன் அடியில் ஒரு சிறிய தகடு அதிரும். அந்த அதிர்வைக் குறுகிய வாயில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து போகும் குழாய் வெளியே தள்ளும். சில வாட் சக்தியிலேயே மூன்று தெருவுக்குச் சத்தம் போய்விடும். 1940-இல் டெல்லியில் தொடங்கிய அஹூஜா நிறுவனத்தின் பெயர் எழுதிய ஆம்ப்ளிஃபையர்களைப் பார்க்காத தமிழ்நாட்டுத் திருவிழாக்காரர் இருக்க மாட்டார். கிருத்திகை நாளில் குன்றின் அடிவாரத்தில் டி.எம். சௌந்தரராஜனும் சூலமங்கலம் சகோதரிகளும், ஆடி மாதம் தெருமுனை அம்மன் கோயிலில் எல்.ஆர். ஈஸ்வரியும் இந்தக் குழாய் வழியாகத்தான் ஊரை எழுப்பினார்கள். குழாயில் அடிநாதம் வராது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் காணாமல் போகும்; நாகஸ்வரம் மட்டும் நெஞ்சைக் கிழிக்கும். அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. கல்யாண வீடு எங்கே என்று கேட்டு வருபவருக்கு வழி தெரிந்தால் போதும்.

வீட்டுக்குள் வந்த ரேடியோ வேறொன்றைக் கற்றுக்கொடுத்தது. மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் என்று வால்வு ரேடியோக்கள் மரப்பெட்டியில் வந்தன. தபால் ஆபீசில் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். சுவிட்சைப் போட்டுச் சற்று நேரம் காத்திருந்தால்தான் வால்வு சூடாகிக் குரல் வரும். அப்படி வரும் குரலில் அடித்தொண்டை இருந்தது. பெட்டியின் மரம் அதற்கு உடல் கொடுத்தது. குழாயில் கேட்ட அதே பாடகரை இதில் கேட்டவர்கள் முதல்முறையாக வித்தியாசத்தைப் பேசத் தொடங்கினார்கள். யார் வீட்டு ரேடியோவில் குரல் நன்றாக வருகிறது என்று ஒப்பிட்டார்கள். இப்போது அளவுகோல் தூரத்தை விட்டு நெருக்கத்துக்கு வந்துவிட்டது.

இந்த ஆசையில் தமிழ்நாடு கண்டுபிடித்த ஒரு கருவி உண்டு. பானை ஸ்பீக்கர். எழுபது, எண்பதுகளில் டீக்கடையிலும் சலூனிலும் வீட்டுத் திண்ணையிலும் அதைப் பார்க்கலாம். ஆறு அல்லது எட்டு அங்குல ஸ்பீக்கரை வாங்கி, அதன் வட்டத்துக்குச் சரியான வாயுள்ள மண்பானையைத் தேடிப் பிடித்து, வாயில் ஸ்பீக்கரை அண்ணாந்தபடி உட்கார வைப்பார்கள். ஓரத்தில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்து இடைவெளியை அடைப்பவர்களும் உண்டு. மூலையில் வைத்தால் பேஸ் என்ற அடிநாதம் கும்மென்று வரும்.

அது வெறும் கைவைத்தியமல்ல, சரியான அறிவியல். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றுக்கொன்று எதிராக இருப்பதால், திறந்தபடி வைத்த ஸ்பீக்கரில் கீழ் ஸ்வரங்கள் சந்தித்து அழிந்துவிடும். பின்பக்க ஒலியைப் பானை தனக்குள் அடைத்துக்கொள்கிறது. செவ்வகப் பெட்டியைப் போலச் சமமான எதிர்ச் சுவர்கள் இல்லாததால் உள்ளே எதிரொலியும் குறைவு. இன்று பல லட்ச ரூபாய்க்கு விற்கும் ஸ்பீக்கர்களில் பெட்டியின் பக்கங்களை வளைத்துச் செய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பானைக்கு மேல் போக நினைத்தவர்கள் மவுண்ட் ரோடுக்குப் பக்கத்தில் உள்ள ரிச்சி தெருவுக்குப் போனார்கள். வெளிநாட்டுப் பொருள்களுக்குக் கடுமையான இறக்குமதித் தடையும் வரியும் இருந்த காலம் அது. டிரான்ஸ்ஃபார்மர், டிரான்சிஸ்டர், கூம்பு, காந்தம் என்று எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து அசெம்பிள் செட் போட்டுக்கொள்வார்கள். தச்சர் பெட்டி அடிப்பார். கையில் காசு இருந்தவர்கள் பர்மா பஜாரில் ஜப்பான் டேப் ரெக்கார்டர் வாங்கினார்கள். தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. வெள்ளைத்தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, 60 அல்லது 90 நிமிட கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு நாளில் பதிந்து கிடைக்கும். நல்ல டெக்கும் நல்ல கேசட்டும் உள்ள சென்டரைத் தேடிப் பேருந்து ஏறிப் போனவர்கள் புறநகர்களில் ஏராளம்.

அவர்கள் தேடிப் போனதற்கு இசையும் காரணம். 1978-இல் வந்த 'ப்ரியா' படத்தின் பாடல்கள், ஸ்டீரியோவில் ஒலிப்பதிவான முதல் தமிழ்ப் படப் பாடல்கள் என்று பெயர் பெற்றவை. இடது பக்கம் ஒரு வாத்தியம், வலது பக்கம் ஒரு வாத்தியம், நடுவில் குரல் என்று கேட்டபோது ஒற்றைப் பானை போதவில்லை. 1986-இல் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' வந்தது. பாடல் வரி எதுவும் இல்லாத, வயலின் கூட்டங்கள் பின்னிப் பின்னிப் போகும் அந்த இசையில், எந்த வயலின் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காட்டத் தெரியாத ஸ்பீக்கர் உடனே மாட்டிக்கொள்ளும். இன்றும் புது ஸ்பீக்கரைச் சோதிக்க அதைப் போடும் தமிழர்கள் உண்டு. 1992-இல் 'ரோஜா' வந்தது. ஏ.ஆர். ரஹ்மானின் இசையும், தேசிய விருதுகள் பெற்ற ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதரின் கைவண்ணமும் சேர்ந்து வந்த தொண்ணூறுகளின் பாடல்களில், அதுவரை தமிழ்ப் பாட்டில் கேட்காத ஆழத்தில் பேஸ் வந்தது. அதை வாங்கும் ஸ்பீக்கர் வீட்டில் இல்லையே என்ற ஏக்கமும் கூடவே வந்தது. 1991-இல் பொருளாதாரக் கதவு திறந்ததால், வெளிநாட்டு ஸ்பீக்கர்கள் கடைகளுக்கு வரத் தொடங்கிய நேரமும் அதுதான்.

அப்படி வந்த டவர் ஸ்பீக்கருக்கு அதற்குள் நீண்ட வரலாறு இருந்தது. இன்றைய காகிதக் கூம்பு ஸ்பீக்கரின் வடிவத்தை 1925-இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் நிலைநிறுத்தினார்கள். 1946-இல் பால் கிளிப்ஷ், அறையின் மூலையையே குழாயின் நீட்சியாகப் பயன்படுத்தும் பெரிய பீரோ போன்ற ஸ்பீக்கரைச் செய்தார். 1954-இல் எட்கர் வில்ச்சூர் காற்றுப்புகாமல் அடைத்த சிறிய பெட்டியிலும் ஆழமான பேஸ் வரும் என்று காட்டினார். 1958-இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தபோது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்றுக்கு இரண்டாகப் பெட்டி தேவைப்பட்டது. இரண்டு பீரோவுக்கு எந்தக் கூடத்தில் இடமிருக்கும்? பெட்டிகள் சுருங்கின. பிறகு ஒல்லியாகி உயர்ந்தன. அடிநாதம் தரும் ஒரு பெரிய வூஃபருக்குப் பதில் இரண்டு மூன்று சிறிய வூஃபர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, மேல் ஸ்வரங்கள் தரும் ட்வீட்டர் உட்கார்ந்தவரின் காது உயரத்தில், தரையில் ஒரு சாணும் ஒரு முழமும் இடம் என்று டவர் ஸ்பீக்கர் உருவானது இப்படித்தான்.

நம் நாட்டிலும் செய்பவர்கள் வந்தார்கள். 1970-இல் கொல்கத்தாவில் தொடங்கிய சோனோடைன் இந்திய வீடுகளுக்கு ஹைஃபை என்ற சொல்லைப் பழக்கியது. கொச்சியில் கட்டடக் கலைஞர் ஜேக்கப் ஜார்ஜ் தொடங்கிய ரெதம் நிறுவனம், ஒரே ஒரு கூம்பை மையமாக வைத்து, அதன் பின்பக்க ஒலியை மடிப்பு மடிப்பான குழாய் வழியாக வெளியே கொண்டுவரும் உயர்ந்த ஸ்பீக்கர்களை உலகச் சந்தைக்கு அனுப்பியது. கோயில் குழாயின் தத்துவமே அங்கே வீட்டுக்கேற்ற மென்மையோடு வேலை செய்கிறது.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். இரண்டு கருவிகளில் எது உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று ஊரைக் கூட்டிச் சோதிக்கும் வழக்கம் நூறாண்டுக்கு மேல் பழையது. 1915 முதல் எடிசன் நிறுவனம் ஊர் ஊராக ஒரு நிகழ்ச்சி நடத்தியது. மேடையில் பாடகி பாடுவார்; பக்கத்தில் அவர் பாடிய தட்டும் ஓடும். இடையில் விளக்கை அணைப்பார்கள். விளக்கு வந்தால் பாடகி மேடையில் இருக்க மாட்டார். பாட்டு மட்டும் தொடரும். கூட்டம் வாயடைத்துப் போகும். பாடகி ஆன்னா கேஸ் பிற்காலத்தில் அந்த ரகசியத்தைச் சொன்னார்: கருவியின் ஒலிக்கு ஏற்றபடி தன் குரலை அடக்கிப் பாடினாராம். யாழுக்காகச் சம்பந்தர் தம் பாட்டைக் குறைத்துப் பாடவில்லை. இவர் குறைத்துப் பாடினார். 1954-இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் வார்ஃபடேல் நிறுவனர் கில்பர்ட் பிரிக்ஸ், நேரடி வாசிப்பையும் ஸ்பீக்கர் ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்து அரங்கை நிறைத்தார்.

காதுக்குக் கண் எப்படிப் பொய் சொல்லித் தருகிறது என்பதை நிரூபித்தவர் ஃபிலாய்ட் டூல். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்திலும் பிறகு அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்திலும் அவர் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வைத்துக் கேட்கும் சோதனைகளை நடத்தினார். 1994-இல் அவரும் ஷான் ஆலிவும் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஸ்பீக்கர்களை 40 பேர் திரை இல்லாமலும் திரைக்குப் பின்னாலும் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். கண்ணால் பார்த்தபோது பெரியதும் விலை கூடியதும் மேலே ஏறின. சிறியதாகவும் மலிவாகவும் தெரிந்த செட் கீழே இறங்கியது. திரை போட்டதும் அந்த வித்தியாசம் கரைந்துபோனது. ஹார்மன் பிறகு ஓர் அறையே கட்டியது. திரைக்குப் பின்னால் இயந்திரம் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் சில நொடிகளில் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும். ஏனென்றால் அரை மீட்டர் நகர்த்தி வைத்தாலே அது வேறு ஸ்பீக்கராகிவிடும்.

குன்றத்தூர் வீடுகளில் பெரிய வில்லன் அறைதான். பன்னிரண்டுக்குப் பத்து அறை, பத்தடி உயரத்தில் கான்கிரீட் தளம், வழவழப்பான டைல்ஸ், ஒரு பக்கம் கண்ணாடி ஜன்னல். பன்னிரண்டடி இடைவெளியில் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஏறக்குறைய 48 ஹெர்ட்ஸ் ஒலி தொட்டில் ஆடுவதுபோல் நின்று ஆடும். பத்தடிக்கு அது ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் இரண்டுமே பத்தடி என்பதால் இந்த அறையில் 57 மட்டும் இரட்டிப்பாகும். பேஸ் கிட்டாரின் A தந்தி 55 ஹெர்ட்ஸ். அந்தத் தந்தி ஒலிக்கும்போதெல்லாம் அறையே கூடப் பாடும். ஸ்பீக்கர் பேஸில் பலே என்று தோன்றும். நான்கடி நகர்ந்து உட்கார்ந்தால் அந்த பேஸே இல்லை. லட்சம் ரூபாய் ஸ்பீக்கரை மாற்றியும் தீராத குறையை, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து வைத்தே குறைத்த வீடுகள் உண்டு. டைல்ஸும் கண்ணாடியும் தரும் எதிரொலியைத் தரையில் விரித்த கனமான ஜமுக்காளமும் பின்சுவரில் வைத்த புத்தக அலமாரியும் அடக்கும்.

நல்ல அறை கிடைத்தவருக்கும் ஸ்பீக்கர் புதிதாகத்தான் வேண்டும் என்றில்லை. வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். பழைய டிரங்க் ரோட்டில் கூடும் அந்தச் சந்தையில் செடியும் மீனும் பழைய கதவும் விற்கும் கடைகளுக்கு நடுவே, தார்ப்பாய் விரிப்பில் பழைய டெக்குகளும் ஸ்பீக்கர்களும் குவிந்து கிடக்கும். தெரிந்தவர்கள் கையில் டார்ச் பேட்டரி கொண்டுபோவார்கள். ஒன்றரை வோல்ட் செல்லை ஸ்பீக்கரின் முனைகளில் ஒரு கணம் தொட்டால் 'டப்' என்று சத்தம் வரும். கூம்பு முன்னால் வந்தால் பிளஸ்ஸும் மைனஸும் சரி. பிறகு கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தடவுவார்கள். அது ரப்பராக இருந்தால் நல்லது. ஃபோமாக இருந்தால் நம் கடற்காற்றின் ஈரத்தில் பத்துப் பதினைந்து ஆண்டில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். விரலில் கறுப்பு மாவாக ஒட்டும். வளையம் மாற்றித் தரும் கைகள் இன்றும் ரிச்சி தெருவில் இருக்கின்றன.

இதற்கிடையே தூரத்தின் காலம் முடிந்துவருகிறது. 2000-இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. மைக் செட்டுக்காரர்களின் கூம்புக் குழாய்களுக்கு இடம் சுருங்கிவிட்டது. ஊர் கூடிக் கேட்ட இடத்தில் இன்று ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு தனியே கேட்கிறார். அல்லது காதில் செருகிக்கொண்டு கேட்கிறார். நெருக்கமாகக் கேட்கும் கலை கைவந்தபோது கூடிக் கேட்கும் பழக்கம் கைநழுவியது பெரிய இழப்பு. அதை மீட்க ஸ்பீக்கர் ஒப்பீட்டைவிட நல்ல சாக்கு கிடையாது.

ஆகவே டவர் ஸ்பீக்கர் வாங்க நினைக்கும் வாசகர் கடைக்காரரின் அறையில் முடிவெடுக்க வேண்டாம். இரண்டு ஜோடியையும் வீட்டுக்குக் கொண்டுவந்து கேட்க அனுமதி கேளுங்கள். ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வையுங்கள். சத்தத்தைச் சமமாக வையுங்கள்; கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பது எப்போதும் நல்லதாகவே தோன்றும். முன்னால் ஒரு மெல்லிய வேட்டியைத் திரையாகக் கட்டுங்கள். ஒலி அதில் தடைபடாது, கண்தான் தடைபடும். எதிர்வீட்டுப் பெரியவரையும் பாட்டுக் கற்கும் குழந்தையையும் அழைத்து உட்கார வையுங்கள். நீங்கள் நேரில் கேட்டுப் பழகிய ஒரு குரலைப் போடுங்கள். கோவூர் பஞ்சரத்தினமாக இருந்தால் இன்னும் நல்லது. விலையைக் கடைசியில் சொல்லுங்கள்.